பிரியாவிடைக்கு எந்தப் பாட்டு?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் வந்து நின்றபோது, 'தொழிற்கல்வியும் நாட்டு முன்னேற்றமும்' என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வருஷா வருஷம் யாராவது ஒருவர் அந்தத் தலைப்பில் எழுதத்தான் செய்கிறார்கள். அதைப் படித்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை! ஆகவே இந்த முறை நமக்கெல்லாம் உடனடியாகத் தேவைப்படுகிற ஒரு விஷயம். வருகிற மார்ச்சில் நடக்கப்போகும் பிரிவு உபசார விழாவில், கடைசி ஐட்டமாக எல்லோரும் சேர்ந்து என்ன பாட்டுப் பாடப் போகிறோம்?

"இதெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். போன வருஷம் நடந்ததைக் கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

அப்போது நாங்கள் இரண்டாம் ஆண்டு. சீனியர்களுக்கு விழா எடுத்தது நாங்கள்தான். பேச்சு, மிமிக்ரி, பரிசு எல்லாம் முடிந்து, இறுதியாண்டு அண்ணன்களும் அக்காக்களும் அறுபது பேருக்கு மேல் மேடையேறி நின்றார்கள். 'முஸ்தபா முஸ்தபா' பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே பாட வேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டு ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. டப்பென்று ஃபியூஸ் போய்விட்டது. மேடையில் நின்றவர்களில் இருபது பேராவது எலக்ட்ரிகல் பிரிவு. ஒருத்தரும் நகரவில்லை!

சரி, கரண்ட் இல்லாவிட்டால் என்ன, வாயாலேயே பாடுவோம் என்று ஆரம்பித்தார்கள். பல்லவி கணீரென்று வந்தது. இரண்டு தரம் பாடினார்கள். மூன்றாம் தரமும் அதே பல்லவி. சரணத்துக்குப் போக வழி தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கொஞ்சம் 'லாலா' போட்டு, கடைசியில் கைதட்டிச் சமாளித்தார்கள். நூறு தடவை, இருநூறு தடவை கேட்ட பாட்டு. சேலம் – நாமக்கல் தடத்தில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் ஒரு மாதம் போய் வந்தாலே காதில் ஏறிவிடுகிற பாட்டு. ஆனால் அது ஸ்பீக்கருக்குத் தெரிந்திருந்த அளவுக்கு நமக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஃபிட்டிங் ஷாப் சார் எழுந்து வந்தார். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது அவருக்கு. வேட்டி மடித்த மாதிரி பேன்ட்டைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டு, மைக் இல்லாமல், 'பசுமை நிறைந்த நினைவுகளே' பாட்டைப் பல்லவியில் தொடங்கி கடைசிச் சரணம் வரைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார். ஃபைலிங் சரியாக வரவில்லை என்றால் ஜாபைத் தூக்கி எறிகிற மனுஷர்! ஹாலில் ஒரு சத்தம் இல்லை. கரண்ட் வந்ததும் யாரும் மறுபடி ஸ்பீக்கரைப் போடச் சொல்லவில்லை.

அப்புறம் கேட்டேன். "எப்படி சார் முழுசும் ஞாபகம் இருக்குது?"

"எங்க பேட்ச் முடிச்சுட்டுப் போறப்ப பாடுனதுப்பா. அப்ப ஏது ஸ்பீக்கரு? டேப் ரெக்கார்டர் வெச்சிருந்தவனே ஒருத்தன்தான். ஒரு வாரம் ஹாஸ்டல் மொட்டை மாடியில பாடிப் பாடி ஏத்துனோம். இன்னைக்கும் அந்தப் பசங்க மூஞ்சி எல்லாம் அந்தப் பாட்டுலதான் இருக்குது."

அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிரிகிற நாளில் பாடுகிற பாட்டு எங்கிருந்து வருகிறது? எது நிற்கிறது, எது போய்விடுகிறது?

தமிழ்நாட்டில் கல்லூரிப் பிரிவுக்கு என்று ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னால், நம் அப்பாக்கள், பெரியப்பாக்கள் சொல்வது சார் பாடியதைத்தான். படம் 'இரத்தத் திலகம்', வருஷம் 1963. பாட்டு கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன், குரல்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். திரையில் சிவாஜியும் சாவித்திரியும். படத்தின் பின்னணி 1962-இல் நடந்த சீனப் போர். ஆனால் படத்தின் கதையைச் சொல்லச் சொன்னால் இன்றைக்குப் பத்துப் பேரில் ஒருவர் சொல்லுவாரா என்பது சந்தேகம். பாட்டு மட்டும் படத்தைவிட்டு இறங்கித் தனியாக நடந்து வந்துவிட்டது. கல்லூரியை விட்டுப் போகிற நண்பர்களைப் பறந்து போகிற பறவைகளாக வைத்துப் பாடிய பாட்டு. கேட்டுப் பார்த்தால் ஒப்பாரி மாதிரி இருக்காது, ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடும். சோகம் இருக்கிறது, ஆனால் அழுது வடியாத சோகம்.

நம்ம ஊருக்கும் இந்தப் பாட்டுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. கண்ணதாசன், சினிமாவுக்கு வந்த ஆரம்ப நாட்களில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் சில காலம் வேலை பார்த்தவர். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் இருப்பது ஏற்காடு ரோட்டு வளைவுதான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் இருந்தால் பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பாட்டு மாட்டியது. 1996-இல் 'காதல் தேசம்' வந்தது. வாலி எழுதி, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்து அவரே பாடிய 'முஸ்தபா' வந்ததும் கல்லூரி மேடைகளில் பழைய பாட்டு பின்னால் போய்விட்டது. 2002-இல் 'ஏப்ரல் மாதத்தில்' படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் கார்த்திக் பாடிய 'மனசே மனசே'. 2004-இல் 'ஆட்டோகிராப்'. 2009-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் விஜய் ஆண்டனி இசையில் ஒரு நண்பர்கள் பாட்டு. 2012-இல் 'நண்பன்'. இப்படி வரிசை நீள்கிறது. இதில் 'முஸ்தபா' தாக்குப்பிடித்ததற்கு என் அபிப்பிராயத்தில் ஒரே காரணம், அது சந்தோஷமான பாட்டு. 'மனசே மனசே' போட்டால் முதல் வரிசை மாணவிகளில் தொடங்கி கடைசி வரிசை முரடன் வரைக்கும் கண்ணைத் துடைக்கிறான். தப்பில்லை. ஆனால் அழ வைப்பதற்குப் பாட்டே தேவையில்லை. அன்றைக்கு யாராவது ஒருத்தன் தோளில் கை வைத்தாலே போதும். அந்த மேடையில் கஷ்டமான வேலை, சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பதுதான்.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு சீனியர் அண்ணனைப் பார்த்தேன். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை. பைபாஸ் டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னதும், "அட, ஜப்பான்காரங்க ஊர்ல பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்குன்னே தனியாப் பாட்டு வெச்சிருக்காங்கப்பா" என்று போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். கைசென், கான்பான், ஃபைவ் எஸ் என்று ஜப்பான்காரன் கொடுத்ததையெல்லாம் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, இதை ஒருத்தரும் நமக்குச் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இனி வருவது.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே அங்கேயும் பிரிவு விழா மார்ச்சில்தான். நமக்கு அந்த நேரத்தில் வெயில் ஏற ஆரம்பிக்கும், சேலத்து மாமரத்தில் பிஞ்சு பிடித்திருக்கும். அவர்களுக்குச் செர்ரிப் பூ பூக்கத் தொடங்குகிற நேரம். ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று ஒவ்வொன்றையும் முடிக்கும்போது விழா உண்டு. அதில் பாட்டு என்பது இடைவேளை நிகழ்ச்சி கிடையாது. விழாவின் நடுமையமே அதுதான். முடித்துப் போகிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, குரல் குரலாகப் பிரிந்து பாடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையாட்டுகிற பழக்கம் இல்லை.

பழைய பாட்டு ஒன்று. 'ஹோதாரு நோ ஹிகாரி', அதாவது மின்மினிப் பூச்சியின் வெளிச்சம். 1881-இல் அந்நாட்டுக் கல்வித்துறையின் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. விளக்கெண்ணெய்க்குக் காசில்லாத ஏழை மாணவர்கள் மின்மினி வெளிச்சத்திலும், ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சத்திலும் படித்தார்கள் என்கிற பழைய சீனக் கதைகளை வைத்து எழுதியது. தெருவிளக்கில் படித்துப் பெரிய ஆளானவர் கதை நமக்கு இருக்கிற மாதிரி! ஆனால் மெட்டு ஜப்பானுடையது அல்ல. ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஆல்ட் லேங் சைன்'. டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்துப் போகிற கேடட்டுகள் மெதுநடை போட்டுப் படியேறும்போது வாசிக்கிற அதே மெட்டு. தாகூர்கூட அந்த மெட்டில் வங்காளத்தில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். இந்த மெட்டின் ஒரு சாயலை ஜப்பானில் கடை மூடும் நேரத்திலும் போடுவார்கள். "சாமி, கிளம்புங்க" என்று வாயால் சொல்வதற்குப் பதில் பாட்டு!

அந்த மெட்டு ஏன் இத்தனை தேசத்தில் ஒட்டிக்கொண்டது? இதற்குக் கொஞ்சம் சங்கீதக் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், எம்-ஒன், எம்-டூ மாதிரி இல்லை. அந்த மெட்டில் ஐந்தே சுரங்கள். ஸ, ரி, க, ப, த. மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. நம் ஊரில் இதற்குப் பெயர் மோகனம். ஜப்பான்காரர்கள் 'யொனாநுகி' என்கிறார்கள். அர்த்தம், நாலாவதும் ஏழாவதும் நீக்கியது. சுரவரிசையில் நாலாவது ம, ஏழாவது நி. கணக்கு சரியாகப் போயிற்றா? யாரிடமாவது கீபோர்டு இருந்தால், எஃப் ஷார்ப்பில் தொடங்கிக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அடித்துப் பாருங்கள். மோகனம் தானாக வந்து நிற்கும். இந்த ஐந்து சுரங்களில் அரைச் சுர இடைவெளி எங்கேயும் இல்லாததால், பாடத் தெரியாதவன் கொஞ்சம் விலகினாலும் காதைக் குத்தாது. கூட்டமாகப் பாடுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அடுத்த பாட்டுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 'உஎ ஓ முயிதே அருகோ'. மேலே பார்த்து நடப்போம் என்று அர்த்தம். 1961-இல் வந்தது. எழுதியவர் எய் ரோகுஸுகே, இசை நகாமுரா ஹாச்சிதாய், பாடியவர் சகாமோட்டோ கியூ. கேட்டால் துள்ளல் நடை, நடுவில் விசில் வேறு. மெட்டில் பெரும்பகுதி நான் மேலே சொன்ன அதே ஐந்து சுரங்கள்தான். ஏதோ உல்லாசப் பயணப் பாட்டு என்றுதான் நினைப்பீர்கள். விஷயம் என்னவென்றால், தனியாக நடந்து போகிற ஒருவன், கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறான்! 1960-இல் அமெரிக்க – ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டம் பலிக்காமல் போன மனவேதனையில் எய் இதை எழுதினார் என்பார்கள். அழுகையைச் சொல்கிற வார்த்தை, சிரிக்கிற மெட்டு. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் சூட்சுமம்.

பாட்டு 1963-இல் அமெரிக்காவுக்குப் போய், ஜூன் மாதம் மூன்று வாரம் அங்கே முதலிடத்தில் இருந்தது. ஜப்பானிய மொழியிலேயே! ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரர் வாயில் நுழையவில்லை என்று 'சுகியாக்கி' என்று வைத்தார்கள். அது மாட்டிறைச்சியைக் காய்கறியோடு வேக வைக்கிற ஒரு பதார்த்தம். பாட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 'பசுமை நிறைந்த நினைவுகளே' பாட்டை எடுத்துக்கொண்டு போய் 'தட்டுவடை செட்' என்று பெயர் வைத்த மாதிரி! ஒன்றைக் கவனித்தீர்களா? நம் பாட்டு வந்ததும் அதே 1963-தான். பாடிய சகாமோட்டோ 1985 ஆகஸ்ட் 12-இல் நடந்த விமான விபத்தில் இறந்து போனார். பாட்டு இன்னும் விசிலடித்துக்கொண்டு நடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நம்மிடம் சினிமாப் பாட்டுதான் பிரிவுப் பாட்டாகிறது. அவர்களிடமும் பாப் பாட்டுகள் பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தன? பெரும்பாலும் போட்டி வழியாக. என்.எச்.கே. என்கிற அவர்களுடைய பொது ஒலிபரப்பு நிறுவனம் வருஷந்தோறும் பள்ளிகளுக்குக் கூட்டுப்பாட்டுப் போட்டி நடத்துகிறது. அதில் எல்லோரும் பாடியே ஆக வேண்டிய பாட்டு ஒன்று உண்டு. அதைப் பிரபலமான பாடகர்களைக் கொண்டே எழுத வைத்தார்கள். நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்கு 2008-இல் ஏஞ்செலா அகி எழுதியது, பதினைந்து வயதில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட கடிதம் மாதிரி ஒரு பாட்டு. 2009-இல் இகிமோனோககாரி குழுவின் 'எல்'. நாடு முழுக்க மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்த பாட்டு, மார்ச் வந்ததும் பிரிவு விழாவில் வாயில் வராமல் எங்கே போகும்?

வேடிக்கையான வழிகளிலும் சில வந்தன. 'மார்ச் 9' என்று ஒரு பாட்டு. ரெமியோரோமென் என்ற குழு ஒரு நண்பரின் கல்யாணத்துக்காக உண்டாக்கியது. 2004-இல் வெளியாகி, தேதி மார்ச்சில் விழுந்த பாவத்துக்குப் பிரிவு விழாப் பாட்டாகிவிட்டது. 1979-இல் கைஎன்தாய் குழு பாடிய 'ஒகுரு கொதோபா' ஒரு வாத்தியார் தொலைக்காட்சித் தொடரில் வந்ததால் எல்லாப் பள்ளியிலும் பாடப்பட்டது. எழுதிய தகேதா தெத்சுயா, அது தன் காதல் தோல்வியை நினைத்து எழுதியது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்! ஆகவே நாம் சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டு யாருக்காகப் பிறந்தது என்பது முக்கியமில்லை.

ஆனால் பிரிவுக்கென்றே பிறந்த பாட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சைதாமா மாநிலத்தில் சிச்சிபு என்று ஒரு மலையூர். பக்கத்தில் இருக்கிற புக்கோ மலையைச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டி வெட்டி, மலை உருவமே மாறிவிட்டது. நம்ம சங்ககிரிப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், தோராயமாகப் பிடிபடும். அங்கே ககெமோரி நடுநிலைப் பள்ளி. ஒரு காலத்தில் மாணவர்கள் அடங்காத பள்ளி என்று பெயர். தலைமையாசிரியராக வந்த கொஜிமா நொபோரு, பிரம்பை எடுக்காமல், பாட்டுக் கேட்கிற பள்ளியாக மாற்றுவோம் என்று ஆரம்பித்தார். சங்கீத ஆசிரியை தகாஹாஷி ஹிரோமியும் கூட நின்றார். சில வருஷங்களில் பள்ளி நிஜமாகவே பாட ஆரம்பித்தது. 1991-இல் அந்த வருஷ மாணவர்கள் முடித்துப் போகிற நேரம். தலைமையாசிரியரும் ஓய்வுபெறுகிற வருஷம். ஆசிரியை கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் வார்த்தைகளை எழுதிக்கொடுத்தார், ஆசிரியை மெட்டமைத்தார். 'தபிதாச்சி நோ ஹி நி', புறப்படும் நாளில். மாணவர்களுக்குத் தெரியாமல் ஒத்திகை பார்த்து, வழியனுப்பு நிகழ்ச்சியில் வாத்தியார்கள் எல்லோரும் மேடையேறிப் பாடினார்களாம்! ஒரே ஒரு தடவைக்கு என்று செய்த பாட்டு. பள்ளி பள்ளியாகப் பரவி, இன்று ஜப்பான் முழுக்கப் பிரிவு விழாவில் பாடுகிறார்கள். அதிலும் சிறகும் வானமும்தான் வருகிறது. கண்ணதாசனின் பறவைகள் சிச்சிபு வரைக்கும் பறந்திருக்க வாய்ப்பில்லை. பிரிகிறவர்களைப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் பறவை ஞாபகம்தான் வரும் போலிருக்கிறது.

அதைப் படித்ததும் ஃபிட்டிங் ஷாப் சார் முகம்தான் வந்தது எனக்கு.

இப்போது அன்றைக்கு மேடையில் ஏறாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சீனியர் அண்ணன்தான், ஒன்பது அரியர். விழா அன்று சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தார். "ஏண்ணா உள்ள வரல?" என்று கேட்டதற்கு, "முடிச்சவனுக்குத்தானப்பா ஃபேர்வெல். நான் எங்க முடிச்சேன்?" என்றார். அவ்வளவுதான் பேசினோம். நம் வகுப்பில் யாராவது பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேருவார்கள், யாராவது ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அப்ரண்டிஸாகப் போவார்கள், யாராவது நாமக்கல் பாடி பில்டிங் பட்டறைக்கும் சேகோ ஆலைக்கும் போவார்கள், சில பேர் ஹால் டிக்கெட்டோடு மறுபடி மறுபடி வருவார்கள். கடைசிப் பாட்டு இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஜெயித்தவன் பாட்டாக அது இருந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பவன் காதில் எப்படி விழும்?

இதற்கும் இரண்டு ஊரிலும் பாட்டு இருக்கிறது. 2003-இல் ஜப்பானில் ஸ்மேப் என்ற குழு பாடிய ஒரு பாட்டு கோடிக்கணக்கானோர் வாயில் புரண்டது. மகிஹாரா நொரியுகி எழுதியது. பூக்கடையில் வைத்திருக்கிற பூக்கள் எது உசத்தி என்று தங்களுக்குள் சண்டை போடுவதில்லையே, நாம் மட்டும் ஏன் முதலிடத்துக்கு அடித்துக்கொள்கிறோம் என்பது விஷயம். அடுத்த வருஷமே, 2004-இல், இங்கே 'ஆட்டோகிராப்' படத்தில் 'ஒவ்வொரு பூக்களுமே'. பா. விஜய் எழுத, பரத்வாஜ் இசையில் சித்ரா பாடினார். எழுதியவருக்கும் பாடியவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில்லை; இரண்டு பேருக்கும் தைரியம் சொல்ல பூதான் கிடைத்திருக்கிறது. நம் பாட்டு கொஞ்சம் அறிவுரை வாடை அடிக்கும். மைக்கில் போட்டால் தேர்வு முடிவு அன்றைக்குப் பேசுகிற சிறப்பு விருந்தினர் ஞாபகம் வரும். ஆனால் எல்லோரும் சேர்ந்து வாயால் பாடிப் பாருங்கள், அந்த வாடை போய்விடுகிறது. நாங்கள் லேபில் பாடிப் பார்த்தோம், அதனால் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். பாட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, பாட வேண்டுமே! டி.எம்.எஸ். எடுக்கிற உச்சத்தை நாம் எடுக்கப் போனால் தொண்டை கட்டி, வைவாவுக்கு ஊமையாகத்தான் போக வேண்டும். வகுப்பிலேயே சுமாராகப் பாடுகிறவன் யாரோ, அவன் குரலுக்குத் தகுந்த கட்டையில் இறக்கி வையுங்கள். நல்லாப் பாடுகிறவன் எப்படியும் பாடிக்கொள்வான். பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே, மாணவிகள் ஒரு ஸ்தாயி மேலே, ஒரே மெட்டு. குரல் பிரித்துப் பாடுகிற ஜப்பான் வித்தை முதல் வருஷமே வேண்டாம். வேகம், நடக்கிற வேகம். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 அடி. அதைவிடக் குறைந்தால் இழுக்கும், இழுத்தால் அழுகை வந்துவிடும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கவே கூடாது. ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபையரில் பெருகி, மறுபடி வெளியே வந்து 'ஊய்ங்' என்று கத்தும். இ.சி.இ. நண்பர்களுக்கு இது பாடத்திலேயே இருக்கிறது. விழாவன்று மட்டும் மறந்துவிடும். நம் ஹாலுக்குத் தகரக் கூரை. ஒரு கைதட்டு தட்டினால் நாலு கைதட்டு திரும்பி வருகிறது. வார்த்தைகளை அழுத்திச் சொன்னால்தான் பின்வரிசைக்குப் புரியும். முக்கியமாக, சரணம். பேப்பரைப் பார்த்துப் பாடுவதென்றால் பாட வேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் பேசி, மூன்று பாட்டு முடிவாகியிருக்கிறது. முதலில் 'பசுமை நிறைந்த நினைவுகளே', சாரோடு சேர்ந்து. இந்த வருஷம் அவரும் நம்மோடுதான் வெளியே போகிறார். நடுவில் 'ஒவ்வொரு பூக்களுமே'. கடைசியில் 'முஸ்தபா', இரண்டு சரணமும் முழுசாக, ஸ்பீக்கர் இல்லாமல். முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மேடையில் ஆள் மாறுகிற ஒரு நிமிஷத்துக்கு அந்த 1961-ஆம் வருஷத்து ஜப்பான் மெட்டு, வெறும் விசிலில். வார்த்தை வேண்டாம், விசில் போதும். பயிற்சி சனிக்கிழமைதோறும் ஒர்க்‌ஷாப் நேரம் முடிந்ததும், பழைய டிராயிங் ஹாலில்.

விசிலுக்கு ஆள் தேடியபோது எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான். கேன்டீன் சுவரேறி விசிலடித்து ஃபைன் கட்டின அதே அரியர் அண்ணன். இப்போது திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு லேத் வேலை செய்கிற ஒரு பட்டறையில் இருக்கிறார். ஒன்பதில் ஐந்து முடித்துவிட்டாராம். போன் பண்ணி மெட்டை அனுப்பினேன். ராத்திரியே விசிலடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

"எந்தத் தேதின்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுப்பா. ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வர்றேன்."